கார்க் கண்ணாடியை நான் இறக்காத காரணம்

தம்பி,

நீ என்னிடம் பேசி ஐந்து வாரம் ஆகிறது. போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. கடைசியாக நீ அனுப்பியது ஒரே வரி. "விருப்பம் இல்லன்னா கல்யாணத்துக்கு வராதீங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்." அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. சித்தியவானில் உன் வாடகை வீட்டு முகவரி அப்பாவின் டைரியில் இருந்தது, அதனால் தபாலில் அனுப்புகிறேன். அப்பா காலையில் காப்பிக் கடைக்குப் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார். அந்த நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வதே பொய். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் எங்காவது உனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் மடித்து வைத்துவிடாதே. எழுதுகிற எனக்கு உன்னைவிடப் பத்து மடங்கு கூச்சமாக இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அபிராமியை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் முதல் முறை புந்தோங் வீட்டுக்கு வந்தபோது என் நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்கு, ஆனா புளி கொஞ்சம் கூட" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நீ பயந்துபோய் என்னைப் பார்த்தாய். அந்த நிமிடமே இவள்தான் உனக்குச் சரி என்று நினைத்தேன். வாயில் ஒன்றும் மனதில் ஒன்றும் வைத்திருக்கிற மருமகளோடு குடித்தனம் நடத்த எனக்குத் தெம்பு இல்லை. அப்படி இருக்கிற மாமியார் நான் ஒருத்தி போதும் நம் வீட்டுக்கு.

நீ என்மேல் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அதற்கு விதை போட்டவள் நானேதான். ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்குக் கணக்குப் பார்க்கும் கிராணியாக இருந்தவர் சிலோன்காரர். காலையில் பெயர் கூப்பிடும்போது ஒரு நாள்கூட எங்களை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் சம்சாரம் எங்களைப் படிக்குக் கீழே நிறுத்தித்தான் பேசுவார். தோட்டத்தை விட்டு இந்த இப்போ பட்டணத்துக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. அப்புறமும் நான் அந்த அம்மாவைப் போலக் கழுத்தை நிமிர்த்திப் பேசிக்காட்டி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். நீ சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு நீ ஒரு சிலோன்கார வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தபோது அந்தச் சிரிப்பெல்லாம் உனக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்திருக்கும். அது என் வாய்க்கொழுப்பு. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று கோயிலில் நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். உன் அம்மா காரை விட்டு இறங்கவில்லை. தட்டு மாற்ற அவள் இல்லை. அப்பா தனியாகப் பாயில் உட்கார்ந்து எந்தத் தட்டை முதலில் தூக்குவது என்று தெரியாமல் முழித்தார். அபிராமியின் அம்மா குங்குமச் சிமிழோடு கார் வரைக்கும் வந்து, வெயிலில் நின்று கண்ணாடியைத் தட்டினார்கள். "வாங்கோ அம்மா, உள்ளுக்கு வாங்கோ, எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கினம்" என்று அவர்கள் சொன்னது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டது. நான் கையை ஆட்டிப் போகச் சொன்னேன். தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், தம்பி. வீட்டுக்குத் திரும்பும்போது நீ ஸ்டேரிங்கை அடித்துக்கொண்டு, "அவங்க சிலோன்காரங்கன்னுதானே? சொல்லுங்க, அதுதானே?" என்று கத்தினாய். அப்பா முன்சீட்டில் இருந்தார். என்ன சொல்வேன்? நீலப் பட்டுப்புடவை பின்னால் முழுக்க இரத்தத்தில் நனைந்து, உன் கார் சீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றா? கண்ணாடியை இறக்கியிருந்தால் அவர்கள் கதவையும் திறந்திருப்பார்கள். அதனால்தான் இறக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் போன பிறகு முந்தானையை நனைத்து அந்தச் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன். பள்ளிக் கேண்டீனில் நான் வேலை செய்த கடைசி வருடம், சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது எனக்கு அடியில் ஏதோ நழுவியது. முட்டை அளவுக்கு ஒன்று கீழே வந்து நின்றது. நின்றால் வரும், படுத்தால் உள்ளே போகும். தோட்டத்தில் அடி இறங்கிவிட்டது என்று பொம்பளைகள் காதோடு காதாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கர்ப்பப்பை இறங்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். உன்னைப் பெற்று ஒன்றரை மாதத்தில் நான் மறுபடியும் பால் வெட்டப் போனேன். என் நிரை மரங்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டு வாளி பாலைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து மேட்டில் ஏறுவோம். அதில் பாதிப் பேருக்கு இது இருந்திருக்கும், ஒருத்தியும் சொல்லவில்லை. இதை உன் தலையில் கட்டுவதற்காக எழுதவில்லை. நீ நாலு கிலோவாகப் பிறந்தது உன் குற்றமா?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறித் தனியாகத்தான் போனேன். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், இல்லையென்றால் உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் என்றால் உன்னிடமும் அப்பாவிடமும் சொல்ல வேண்டும். வளையம் என்றால் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான் என் யோசனை. உள்ளங்கை அளவு ரப்பர் வளையம். அதைக் கையில் கொடுத்தபோது சிரிப்பு வந்தது. ஆயுசில் பாதி ரப்பருக்குக் கொடுத்தாயிற்று, மிச்சத்துக்கு ரப்பரே உள்ளே வந்து உட்காருகிறதே என்று. பொய் சொல்லக் கூடாது, அது நன்றாகவே வேலை செய்தது. நடந்தேன், குனிந்தேன், தைப்பூசத்துக்குப் பால்குடம்கூட எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நாலு மாதத்துக்கு ஒரு முறை வந்து கழற்றிக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே கழற்றிப் போடவும் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். நான் தலையைத் தலையை ஆட்டினேன். என் உடம்பில் அந்த இடத்தைக் கழுவியதைத் தவிர நான் தொட்டதே கிடையாது. என்னிடம் போய் விரலை விட்டு இழு என்றால்?

இரண்டு முறை ஒழுங்காகப் போனேன். மூன்றாவது முறை திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன், திரையை விலக்கிக்கொண்டு வந்த டாக்டர் நம் ஆள். இளவட்டம். "வணக்கம்மா, எங்கிருந்து வாரீங்க?" என்றான். புந்தோங் என்றேன். "அதுக்கு முன்ன எந்தத் தோட்டம்?" நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் அடுத்த கேள்வி அதுதானே. நானும் யோசிக்காமல் பெயரைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் மலர்ந்துபோனது. "எங்க அம்மாவும் அங்கதான்மா! சரோஜா. தெரியுமா?" தெரியுமாவா? சரோஜாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். வேலை முடிந்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைத் தூக்கப் போகும்போது, அவளுக்கு முடியாத நாளில் அவள் பிள்ளையையும் நான்தான் இடுப்பில் தூக்கி வருவேன். அந்தப் பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு என் முன்னால் நிற்கிறான். "கக்கூஸ் போயிட்டு வாரேன் ஐயா" என்று சொல்லிப் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். நேராகப் பஸ் நிறுத்தம். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த போன் நம்பரும் கடைசி எண் தப்பு. வேண்டுமென்றே அப்படிக் கொடுத்திருந்தேன். நீயோ அப்பாவோ எடுத்துவிடக் கூடாதே.

வளையம் உள்ளேயே இருந்தது. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெள்ளைபட்டது, அது மஞ்சளானது, நாற்றம் வந்தது, அப்புறம் இரத்தம். தீட்டு நின்று பத்து வருடம் ஆனவளுக்குத் தினமும் தீட்டு. அறுபது தாண்டியவள் பேட் வாங்கினால் சைனாக்கார மளிகைக் கடையம்மாகூட நிமிர்ந்து பார்க்கிறாள். அதனால் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கினேன். சாமி விளக்கை ஏற்றச் சொல்லி அப்பாவிடம் விட்டேன், முட்டி வலி, நிற்க முடியவில்லை என்று. அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார முடியவில்லை, அதற்கும் முட்டி வலி. தனிப் பாய் போட்டுப் படுத்தேன், அதற்கும் முட்டி வலி. நீ நல்ல பிள்ளை, பாவம், என் முட்டியை நம்பிக் கால் பிடித்துவிடுகிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டாய். அது கரகரவென்று காலைப் பிடித்துவிட, நான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் வந்தாய். "வீட்டுல எலி செத்த வாடை அடிக்குதும்மா" என்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கூரைக்கு மேல் ஏறினாய். ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினாய். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே செத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நீ கேட்பாய், யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று. யாரிடம்? அப்பாவிடம் நான் முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பேச்சைப் பேசியதில்லை. சரோஜாவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகன் சொல்லிவிட்டான், தெரிந்துபோய்விட்டது என்று சாப்பிடாமலே வந்துவிட்டேன். பிறகு அவள் போன் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரு நாள் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நானே விரலை விட்டுப் பார்த்தேன். வளையம் தட்டுப்பட்டது, அசையவில்லை. இழுத்தேன். வலியில் கண் இருட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியில் அப்பா, "தண்ணி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போக இடமில்லை, சொல்ல ஆளில்லை, எடுக்கவும் முடியவில்லை. அப்படியே நாட்களைத் தள்ளினேன். உன் நிச்சயதார்த்தத்தன்று கோயில் வாசலுக்கு வெளியே ஒரு ஓரமாக நின்று, தலைசுற்றுகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் புறப்பட்டேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

நீ கோபித்துக்கொண்டு போன மறு வாரம் காய்ச்சல் கண்டது. கிளினிக்கில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா பார்த்தாள். பார்த்த உடனே அவள் முகம் மாறியது. "ஆன்ட்டி, கெனாப்பா லாமா தாக் டாத்தாங்?" ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கையைப் பிடித்ததும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே என் பெயரைக் கூப்பிட்டது யார் என்று நினைக்கிறாய்? சரோஜா மகனேதான். இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், கண்ணாடி போட்டிருக்கிறான். இந்த முறை ஓட எனக்குக் காலில் தெம்பில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கு நீங்க திரும்பி வரவே இல்லம்மா. நான் வெளிய வந்து உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். நர்ஸை விட்டு கேண்டீன் வரைக்கும் தேடச் சொன்னேன்" என்றான். "உங்கம்மாகிட்ட சொன்னியா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். "இங்க வர எந்த அம்மாவைப் பத்தியும் நான் வெளிய பேசமாட்டேன். வீட்டுல கூட." மூன்று வருடமாக நான் பயந்த பயத்துக்கு அந்த ஒரு பதில் போதும். கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும். கோயிலுக்குப் போக முடியவில்லை, தீட்டு என்று இழுத்தேன். "இது தீட்டு இல்லம்மா, புண்ணு" என்றான். அவன் சொன்னது மண்டைக்குப் புரிகிறது, மனசு இன்னும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். பால் மரத்தில் கோப்பை மாட்டக் கம்பி கட்டுவோம். தளர்த்திவிடாமல் விட்டால் மரம் பெருத்துப் பட்டை கம்பியை மூடிவிடும். என் உள்ளேயும் சதை வளையத்தின்மேல் ஏறி மூடியிருக்கிறது. இழுத்தால் கிழிந்துவிடும் என்றான். சதை இளகுவதற்கு ஒரு களிம்பு கொடுத்திருக்கிறார்கள். தினமும் நானேதான் போட்டுக்கொள்கிறேன், இப்போது தொடப் பழகிவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை மயக்கம் கொடுத்து வளையத்தை வெட்டி எடுப்பார்கள். கொஞ்ச நாளாக என்னை அறியாமல் மூத்திரம் கசிகிறது. வளையம் மூத்திரப் பை வரைக்கும் அரித்து ஓட்டை போட்டிருக்கிறதா என்று உள்ளே பார்த்தால்தான் தெரியுமாம். புண்ணிலிருந்து துளி எடுத்து வேறு கெட்டது இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் இன்னொரு ஆபரேஷன், மாதக்கணக்கில் பை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டி வரலாம். உன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. நான் நடந்து வருவேனா, பையோடு வருவேனா, வருவேனா என்றே எனக்குத் தெரியாது. வளையத்தையோ ஆஸ்பத்திரியையோ குறை சொல்லாதே. போகச் சொன்ன நாளில் போயிருந்தால் இது எனக்கு இன்னும் பல வருடம் உழைத்திருக்கும்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? உன் பெண்டாட்டி கால் வலி என்றால் மெஷின் வாங்கப் போவதற்கு முன்னால் இன்னொரு முறை கேள். மூன்றாவது முறையும் கேள். எரிந்து விழுவாள், விழட்டும். நீ என்னிடம் ஒரு முறைதான் கேட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நான் உன்னை வளர்த்தது அப்படி. பொம்பளை விஷயம் என்றால் எழுந்து வெளியே போகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று நானே சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அந்த நல்ல பிள்ளையால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனது என் தப்பு.

முதலில் அபிராமியை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். பெண்ணுக்குப் பெண் சௌகரியம். யோசித்துப் பார்த்தால் அது மறுபடியும் அதே கதை. உனக்குத் தெரியாமல், அப்பாவுக்குத் தெரியாமல், இரண்டு பொம்பளைகள் குசுகுசுவென்று பேசி முடித்துக்கொள்வது. வேண்டாம். ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. முழுதும் படிக்கட்டும். அவள் அம்மாவிடமும் சொல்லட்டும். வெயிலில் நின்று கண்ணாடியைத் தட்டியவர்களுக்கு நான் ஏன் இறக்கவில்லை என்று தெரிய வேண்டும். ஒரு சிலோன்கார வீட்டில் என் இடுப்புக்குக் கீழே நடக்கிறதைப் பேசுவார்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. கூசினால் கூசட்டும். அவர்கள் என்னை அகம்பாவி என்று நினைத்து உன்னை வேண்டாம் என்று சொல்வதைவிட இது மேல். அப்பாவிடம் இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன். காப்பிக் கடையிலிருந்து வரட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருக்க வேண்டும். நீ லீவு போட்டுவிட்டு வா. வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடுகிறேன் என்று போய் மத்தியானம் வரைக்கும் காருக்குள் உட்காராதே. சரோஜா மகன் என்ன செய்யப் போகிறான் என்று விளக்கும்போது தரையைப் பார்க்காதே, வாட்ஸ்அப் பார்க்காதே, எழுந்து போகாதே. அசிங்கமாக இருந்தாலும் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திரு. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அம்மா